இதர செலவுகள்

அண்ணாமலை நகரில் ஓர் அலுவலகத்தில் கணக்குப் பிரிவில் எனக்கு வேலை. பயணப்படி பில், தளவாடம் வாங்கிய பில், கருத்தரங்குக்கு வந்தவர்களுக்கு டிபன் வாங்கிக் கொடுத்த பில் எல்லாம் என் மேஜையைத் தாண்டித்தான் போகவேண்டும். வவுச்சர் இல்லாமல் ஐம்பது ரூபாய்கூட பாஸ் பண்ணமாட்டேன் என்று எனக்கு ஒரு பெயர் உண்டு. ஒரு பேராசிரியர், ‘ஆட்டோக்காரர்கிட்ட ரசீது கேட்கிற அம்மா’ என்று முகத்துக்கு நேராகவே சொல்லியிருக்கிறார். பாராட்டு என்றே எடுத்துக்கொண்டேன். அப்படிப்பட்டவள் என் விவாகரத்து வழக்குக்கு மூன்று லட்சத்துக்கு மேல் செலவழித்தேன். அதில் கோர்ட் கட்டணம் போக ஒரு ரூபாய்க்கும் ரசீது கிடையாது.

கல்யாணம் 2012 தை மாதம். தானே புயல் 2011 டிசம்பர் 30-ஆம் தேதி கரையைக் கடந்து சில வாரங்கள்தான் ஆகியிருந்தன. பண்ருட்டிப் பக்கம் பலாவும் முந்திரியும் வேரோடு சாய்ந்து கிடந்தன. ஜெனரேட்டர் வெளிச்சத்தில்தான் தாலி ஏறியது. ‘அப்பவே தெரிஞ்சுது’ என்று பிற்பாடு சொன்ன உறவினர்கள் அன்று பந்தியில் முதல் வரிசையில் உட்கார்ந்திருந்தார்கள். புகுந்த வீடு கடலூர், திருப்பாதிரிப்புலியூர். 2017-இல் இரண்டு பெட்டியோடு சிதம்பரத்துக்கு அப்பா வீட்டுக்கே திரும்பி வந்தேன். குழந்தை இல்லை. ஏன் வந்தேன், யார் மேல் தப்பு என்று எழுத ஆரம்பித்தால் இது கட்டுரையாக இருக்காது, இன்னொரு கவுண்ட்டர், அதாவது எதிருரை, ஆகிவிடும். கோர்ட்டில் எழுதிய கவுண்ட்டரே போதும்.

வக்கீலைப் பிடித்துக் கொடுத்தது மாமா. “கடலூர்ல பெரிய வக்கீல். அவர் உள்ள வந்தாலே எதிர்க்கட்சி வக்கீல் பாதி பேச்சை மறந்துடுவான்” என்றார். மஞ்சக்குப்பத்தில் ஆபீஸ். சுவர் முழுக்கச் சட்டப் புத்தகம். நடுவில் தில்லை நடராஜர் படம் இருந்ததைப் பார்த்ததும் நம்ம ஊர் சாமி என்று எனக்கு ஒரு தைரியம். ஒரு மனுஷியின் முடிவுகள் எப்படியெல்லாம் எடுக்கப்படுகின்றன பாருங்கள்.

அவர் பொறுமையாகக் கேட்டார். கேட்டுவிட்டு, “அந்தப் பக்கம் ஒத்துக்கிட்டா மியூச்சுவல்ல போயிடலாம்மா. சீக்கிரம் முடியும், செலவும் கம்மி” என்றார். இந்த வாக்கியத்தை அவர் சொன்னார் என்பதை நான் மறைக்கக்கூடாது. இந்துத் திருமணச் சட்டத்தில் 13-பி என்று ஒரு பிரிவு இருக்கிறது. 1976 திருத்தத்தில் வந்தது. ஒரு வருஷமாவது பிரிந்து வாழ்ந்திருந்தால் இருவரும் சேர்ந்தே மனு கொடுக்கலாம், ஆறு மாதம் கழித்து மறுபடி வந்து ‘ஆமாம், அதே முடிவுதான்’ என்று சொல்லவேண்டும். சாட்சி, குறுக்கு விசாரணை என்று நீளாது. அதையும் அவரே விளக்கினார்.

“இல்லை சார், அவரை அவ்வளவு லேசில் விடமுடியாது” என்றேன்.

அவர் பேனாவின் மூடியை எடுத்துக் காகிதத்தில் என் பெயரை எழுதினார். அதற்குப் பிறகு மியூச்சுவல் என்ற பேச்சை அவர் எடுக்கவில்லை. ஏன் எடுக்கவேண்டும்?

“ஃபீஸ் சார்?” என்று கேட்டது அப்பா. “ஃபைல் பண்ண இருபதாயிரம் கொடுங்க, மத்ததைப் போகப் போகப் பார்த்துக்கலாம்.” அப்பா உடனே எடுத்துக் கொடுத்தார். எங்கள் ஊரில் சிதம்பர ரகசியம் ஒன்றுதான் உண்டு என்று நினைத்திருந்தேன். போகப் போகப் பார்த்துக்கொள்கிற வக்கீல் ஃபீஸ் இரண்டாவது. இருபதாயிரத்தில் என்னென்ன அடக்கம், வாய்தாவுக்கு வாய்தா தனியா, இடையில் போடுகிற மனுவுக்கு என்ன, சாட்சிக் கட்டத்துக்கு என்ன, அப்பீல் போனால் என்ன? ஒரு டெண்டரைப் பிரித்தால் முதல் பக்கத்திலேயே நான் கேட்கிற கேள்விகள் இவை. அங்கே ஒன்றையும் கேட்கவில்லை. கேட்டால் மரியாதைக் குறைவு என்று தோன்றியது. டாக்டரிடமும் வக்கீலிடமும் விலை கேட்கக்கூடாது என்று யார் சொல்லிக் கொடுத்தார்களோ தெரியாது, நாக்கு எழவில்லை.

இன்னொன்றையும் கேட்கவில்லை. வழக்கைக் கடலூரில்தான் போடவேண்டுமா? மனைவி தான் குடியிருக்கிற ஊர்க் கோர்ட்டிலேயே மனுப் போடலாம் என்று 2003-இல் சட்டத்தைத் திருத்தியிருக்கிறார்கள். சிதம்பரம் சப் கோர்ட்டில் போட்டிருந்தால் ஒரு மணி நேரம் பர்மிஷன் போட்டுவிட்டு நடந்தே போய் வந்திருப்பேன். பெரிய வக்கீல் கடலூரில் இருந்தார், அதனால் வழக்கும் கடலூர் குடும்ப நல நீதிமன்றத்துக்குப் போயிற்று. ஆபீஸிலிருந்து நடக்கிற தூரத்தில் கோர்ட் இருக்கிறது என்பதற்காக யாராவது வக்கீலைத் தேர்ந்தெடுப்பார்களா என்று அன்று என்னைக் கேட்டிருந்தால் சிரித்திருப்பேன்.

அப்புறம் வருஷக்கணக்கில் அந்தப் பஸ். பி.முட்லூர், புதுச்சத்திரம், ஆலப்பாக்கம். நாலுவழிச் சாலை வேலை நடந்த காலம், ஜன்னலை மூடினால் புழுக்கம், திறந்தால் செம்மண். தூங்கிப்போனாலும் சிப்காட் வந்தால் மூக்கு எழுப்பிவிடும். பத்தரைக்குக் கோர்ட்டில் இருக்கவேண்டும். டவாலி மூன்று முறை பெயரைக் கூப்பிடுவார். வக்கீலின் ஜூனியர் பெண் உள்ளே போய் இரண்டு வார்த்தை சொல்வாள். வெளியே வந்து, “அக்கா, அடுத்த மாசம் பதினேழு” என்பாள். அவ்வளவுதான். சில நாள் அதுவும் கிடையாது. கேட் பக்கம் போகும்போதே கறுப்புக் கோட்டுகள் கூட்டமாக நிற்கும், கோர்ட் புறக்கணிப்பு. வக்கீல்களுக்கு வேலைநிறுத்தம் செய்ய உரிமை இல்லை என்று உச்ச நீதிமன்றம் 2002-லேயே ஹரிஷ் உப்பல் வழக்கில் சொல்லியிருக்கிறது. தீர்ப்பு டெல்லியில் சொன்னது, பஸ் சிதம்பரத்திலிருந்து கிளம்பிவிட்டது.

தற்செயல் விடுப்பு ஆவணிக்குள் தீர்ந்துவிடும். பிறகு ஈட்டிய விடுப்பு. சேர்த்து வைத்தால் காசாகிற விடுப்பு அது. அதையும் தாண்டிச் சம்பளமில்லா விடுப்பு. இதெல்லாம் செலவு என்றே எனக்கு அப்போது தோன்றவில்லை. கையிலிருந்து நோட்டாகப் போனால்தான் செலவு என்று ஒரு கணக்குக்காரியே நினைத்தேன் என்றால் கோபம் என்ன செய்யும் என்று புரியும்.

நோட்டாகவும் போயிற்று. வக்கீல் குமாஸ்தாவுக்கு ஒவ்வொரு முறையும் ஏதாவது ஒரு கணக்கு: நோட்டீஸ் சார்வு செய்ய பேட்டா, டைப்பிங், ஜெராக்ஸ், நோட்டரி, நகல் மனு. மனுவில் ஒட்டுகிற கோர்ட் கட்டணம் இதில் ஒரு மூலைக்குக் காணாது. சட்டப்படி அரசாங்கம் கேட்கிற காசு மிகக் குறைவு. அந்தக் காசுக்குத்தான் சரியான ரசீதும் உண்டு. அடுத்த வாய்தா என்றைக்கு என்று கேட்க நான் குமாஸ்தாவுக்குப் போன் பண்ணுவேன். “டைரி பார்த்துச் சொல்றேன்மா” என்பார், மறுநாள் சொல்வார், நேரில் பார்க்கும்போது டீச் செலவுக்கு வாங்கிக்கொள்வார். ஒவ்வொரு வழக்குக்கும் பதினாறு இலக்க சி.என்.ஆர். எண் என்று ஒன்று இருக்கிறது, இ-கோர்ட்ஸ் ஆப்பில் அதைத் தட்டினால் அடுத்த தேதியும் அன்றைக்கு என்ன நடந்தது என்பதும் காசில்லாமல் தெரியும் என்று எனக்குக் கடைசி வருஷம்தான் தெரிந்தது. பாவம், அந்த ஆப் என் போனிலேயே மூன்றாம் பக்கத்தில் இருந்தது. ஜூனியர் பெண் என்றைக்கோ ஏற்றிக் கொடுத்தது.

ஆனால் உண்மையைச் சொன்னால் பெரிய பணம் இப்படிப் போகவில்லை. அது நானாகக் கேட்டு வாங்கிய செலவு.

முதல் கவுன்சலிங்கில் அவர்கள் பக்கம் ஒரு பேச்சு வந்தது. குடும்ப நல நீதிமன்றத்தில் எடுத்தவுடன் சண்டையை ஆரம்பிக்கமாட்டார்கள். சமாதானத்துக்கு வழியிருக்கிறதா என்று முதலில் பார்க்கவேண்டும் என்பது 1984 சட்டத்திலேயே இருக்கிறது. நகை முழுக்கத் தந்துவிடுகிறோம், சீர் சாமானை எடுத்துக்கொள்ளலாம், கல்யாணச் செலவுக்கு மூன்று லட்சம் என்றார்கள். கவுன்சலர் அம்மா என் முகத்தைப் பார்த்தார். அவர், அதாவது என் கணவர், சுவர்க் காலண்டரைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு தடவை என் பக்கம் திரும்பியிருந்தால் சரியென்று சொல்லியிருப்பேனோ என்னவோ. “முடியாது” என்றேன். அவர்கள் கோபித்துக்கொண்டு நகையை மட்டும் கொடுத்தார்கள், சாமானை நிறுத்திக்கொண்டார்கள்.

அந்தச் சாமானுக்காக ஒரு மனு. இந்துத் திருமணச் சட்டத்தில் 27-ஆம் பிரிவு, கல்யாணத்தின்போது இருவருக்கும் பொதுவாக வந்த பொருள்களைப் பற்றியது. இந்த மாதிரி இடையில் போடுகிற மனுவை ஐ.ஏ. என்பார்கள். ஒவ்வொரு ஐ.ஏ.வுக்கும் தனி ஃபீஸ். “இது தேவையாம்மா?” என்று வக்கீல் கேட்டார். “தேவை சார்” என்றேன். பீரோ, கட்டில், மெத்தை, பித்தளை அண்டா, குத்துவிளக்கு, கோயம்புத்தூர் கிரைண்டர் என்று இரண்டு பக்கத்துக்குப் பட்டியல். நானே நெடுவரிசை போட்டு, வரிசை எண் போட்டு, மதிப்பு போட்டு டைப் அடித்துக் கொடுத்தேன். ஜூனியர் பெண், “அக்கா, இவ்வளவு நீட்டா யாரும் கொடுத்ததில்லை” என்றாள். பெருமையாக இருந்தது.

விசாரணை நாளில் கூண்டில் ஏறினேன். எதிர்த்தரப்பு வக்கீல் வயதானவர், குரலே உயர்த்தவில்லை.

“பதினாலாவது ஐட்டம், வெட் கிரைண்டர். மதிப்பு ஒன்பதாயிரம்னு போட்டிருக்கீங்க. பில் இருக்காம்மா?”

“இல்லை.”

“பீரோவுக்கு?”

“இல்லை. அப்பா வாங்கினது.”

“நீங்க எங்கம்மா வேலை பார்க்கிறீங்க?”

“கணக்குப் பிரிவில்.”

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “உங்க ஆபீஸ்ல பில் இல்லாம யாராவது பணம் கேட்டா பாஸ் பண்ணுவீங்களா?”

பின்னால் யாரோ சிரித்தார்கள். ‘அது வேண்டாம், அடுத்த கேள்விக்குப் போங்க’ என்று நீதிபதி சொன்னார். அவர் உதட்டிலும் லேசாக ஒன்று வந்து போனது. எனக்குக் கோபம்தான் வந்தது. வெளியே வந்ததும் இடைக்கால ஜீவனாம்சத்துக்கும் மனுப் போடச் சொன்னேன். 24-ஆம் பிரிவு, வழக்குச் செலவையும் அதிலேயே கேட்கலாம். கணவர் சம்பளமும் என் சம்பளமும் ஏறக்குறைய ஒன்றுதான், கிடைப்பது கஷ்டம் என்று ஜூனியர் சொன்னாள். “கிடைக்காட்டி பரவாயில்லை, அவர் அலையட்டும்” என்றேன். அவரை அலையவைக்க ஏழாயிரம் கொடுத்தேன். நானும்தான் கூடவே அலைந்தேன்.

கோர்ட் வராந்தாவில் ஓர் அம்மாவைப் பழக்கம். தேவனாம்பட்டினம். மீன் விற்கிறவர். பழைய சேலையை உதறிக் கட்டிக்கொண்டு, வெற்றிலைப் பையோடு பெஞ்சின் ஓரத்தில் உட்கார்ந்திருப்பார். கையில் பை, மூக்கில் கண்ணாடி என்று என்னைப் பார்த்ததாலோ என்னவோ டீச்சர் என்றே கூப்பிடுவார். நானும் திருத்தவில்லை.

“டீச்சர், நீ வக்கீலுக்கு எவ்ளோ குடுத்த?”

சொன்னேன். வாயில் போட்ட பாக்கை மெல்லாமல் என்னைப் பார்த்தார்.

“நீங்க?”

“நான் எங்க குடுத்தேன்? இங்கியே ஆபீஸ் இருக்கில்ல, சட்ட உதவி. அங்க எழுதிக் குடுத்தேன். ஒரு பொண்ணைப் போட்டுக் குடுத்தாங்க. நல்லாத்தான் பேசுது.”

“அது வசதி இல்லாதவங்களுக்கு. நான் சம்பளம் வாங்கறேன், எனக்குத் தரமாட்டாங்க.”

“பொம்பளைன்னா போதுமாம் டீச்சர். அவங்களே சொன்னாங்க.”

நான் தலையாட்டிவிட்டு விட்டுவிட்டேன். நம்பாதது மட்டும் காரணமில்லை. இலவச வக்கீல் வைத்திருக்கிறேன் என்று மாமாவிடம் எப்படிச் சொல்வது? அந்த அம்மா சொன்னது சரி என்று பிறகு படித்துத் தெரிந்துகொண்டேன். 1987-ஆம் வருஷத்துச் சட்டப்பணிகள் ஆணையச் சட்டத்தின் 12-ஆம் பிரிவில், வருமான வரம்பு பார்க்காமல் இலவச உதவி பெறத் தகுதியுள்ளவர்கள் பட்டியலில் பெண் அல்லது குழந்தை என்று மட்டும்தான் இருக்கிறது. ஏழைப் பெண், கைவிடப்பட்ட பெண் என்றெல்லாம் அடைமொழி இல்லை. 15100 என்று ஒரு தொலைபேசி எண்கூட இருக்கிறது. அந்த அலுவலகத்தின் போர்டைத் தாண்டித்தான் நான் ஒவ்வொரு வாய்தாவுக்கும் ஜெராக்ஸ் எடுக்கப் போய் வந்தேன். மீன்கார அம்மாவின் ஜீவனாம்ச வழக்கு எனக்கு முன்னால் முடிந்து, அவர் வராந்தாவுக்கு வருவதே நின்றுவிட்டது.

2020 மார்ச்சில் கோர்ட்டை மூடினார்கள். என்னுடைய வழக்கு அப்படியே நின்றது, வட்டி மட்டும் நிற்கவில்லை. என் ஆரத்தையும் வளையல்களையும் கூட்டுறவு வங்கியில் வைத்திருந்தேன். அவரிடமிருந்து போராடித் திரும்ப வாங்கிய நகை. வீட்டுக்கு வந்து பீரோவில் ஒரு வருஷம்கூடத் தூங்கவில்லை. நடுவில் வக்கீலை மாற்றிவிடலாம் என்று ஒரு நினைப்பும் வந்தது. குமாஸ்தா, “பாக்கியைக் கட்டிட்டுக் கட்டை வாங்கிக்குங்கம்மா” என்றார். ஃபீஸ் பாக்கிக்காக வழக்குக் கட்டைப் பிடித்து வைத்துக்கொள்ள வக்கீலுக்கு உரிமை இல்லை என்று ஆர்.டி.சக்சேனா வழக்கில் 2000-இல் உச்ச நீதிமன்றம் தீர்த்துச் சொல்லியிருக்கிறது. அது தெரியாததால், இருக்கிறவரே இருக்கட்டும் என்று இருந்துவிட்டேன்.

கோர்ட் மறுபடி திறந்தபோது நான் போட்ட ஜீவனாம்ச மனுவுக்குப் புதிதாக ஒன்று கேட்டார்கள். ரஜ்னேஷ் – நேஹா வழக்கில் 2020 நவம்பரில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பு சொல்லியிருந்தது: ஜீவனாம்ச வழக்கு என்றால் இரண்டு தரப்பும் தங்கள் சொத்து, வருமானம், கடன் எல்லாவற்றையும் பிரமாணப் பத்திரமாகத் தாக்கல் செய்யவேண்டும். ஜூனியர் வாட்ஸப்பில் படிவத்தை அனுப்பினாள். பக்கம் பக்கமாக இருந்தது. படிவம் நிரப்புவது எனக்குக் கைவந்த கலை. அவருடைய வருமானம் முழுக்க இப்போது வெளியே வரப்போகிறது என்ற சந்தோஷம் வேறு.

ராத்திரி சாப்பாடு ஆனபிறகு பிரிண்ட் எடுத்த தாள்களைச் சாப்பாட்டு மேஜையில் பரப்பினேன். முதலில் பென்சிலில் எழுதி, சரிபார்த்து, அப்புறம் பேனாவில் எழுதுவது என் பழக்கம். பெயர், வயது, படிப்பு, வேலை. சம்பளச் சீட்டைப் பார்த்துப் பிடித்தங்கள். மாதச் செலவு. அம்மா பாத்திரம் கழுவிவிட்டு விளக்கை அணைக்கலாமா என்று கேட்டாள். இன்னும் கொஞ்ச நேரம் என்றேன். அடுத்தது கடன்கள். என்ன கடன், எப்போது, எவ்வளவு, எந்தக் காரியத்துக்காக?

நகைக்கடன், கூட்டுறவு வங்கி, 1,80,000. காரியம் என்கிற இடத்தில் ‘குடும்பச் செலவு’ என்று எழுதினேன். சத்தியம் செய்து கொடுக்கிற பத்திரமாச்சே என்று ரப்பரை எடுத்து அழித்தேன். ‘வழக்குச் செலவு’ என்று எழுதினேன். அடுத்த வரி, சொசைட்டி லோன், 75,000. காரியம், மேற்படி. அதற்கடுத்த வரி, அத்தையிடம் கைமாற்று, 50,000. மேற்படி.

பழக்க தோஷம், கோடு போட்டுக் கூட்டினேன். 3,05,000.

கூட்டல் தப்போ என்று கீழிருந்து மேலாக இன்னொரு தரம் கூட்டினேன். சரியாகத்தான் இருந்தது. முதல் கவுன்சலிங்கில் அவர்கள் தருவதாகச் சொன்னது மூன்று லட்சம். அந்த அறையின் காலண்டர் ஞாபகம் வந்தது. அவர்களுடைய மூன்று லட்சத்தை வேண்டாம் என்று சொல்வதற்காக நான் மூன்று லட்சம் கொடுத்திருக்கிறேன், அதுவும் கடன் வாங்கி. பென்சிலைக் கீழே வைத்தேன். எங்கள் ஆபீஸில் எந்தத் தலைப்பிலும் அடங்காததை ‘இதர செலவுகள்’ என்று போடுவார்கள், ஆடிட்டர் வந்தால் முதல் விரலை அங்கேதான் வைப்பார். ஒரு பழைய நோட்டை எடுத்து ஞாபகத்திலிருந்து பிரித்து எழுதிப் பார்த்தேன். வழக்கை நடத்த ஆனது இவ்வளவு. பஸ்ஸும் ஹோட்டலும் இவ்வளவு. சம்பளப் பிடித்தம் இவ்வளவு. கிரைண்டருக்கும் பீரோவுக்கும், அவரை அலையவைத்ததற்கும், அவர் கவுண்ட்டரில் எழுதிய ஒரு வாக்கியத்துக்காகப் போட்ட இன்னொரு மனுவுக்கும் ஆனதை எங்கே போடுவது? இதரத்தில் போட்டேன். அதுதான் எல்லாவற்றையும்விடப் பெரிய தொகையாக வந்து நின்றது. அதில் ஒன்றையும் வக்கீல் என் தலையில் கட்டவில்லை.

அம்மா எப்போது விளக்கை அணைத்துவிட்டுப் போனாள் என்று தெரியாது. கூடத்து வெளிச்சத்தில்தான் எழுதிக்கொண்டிருந்திருக்கிறேன்.

மறுநாள் போன் பண்ணி, “சார், மியூச்சுவல் பேசலாமா?” என்றேன். அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமில்லை. “நான் அப்பவே சொன்னேனேம்மா” என்றார். குத்தலாகச் சொல்லவில்லை. அதனால் கூடுதலாக உறைத்தது.

வழக்கை சமரச மையத்துக்கு அனுப்பினார்கள். இந்தியாவிலேயே கோர்ட்டோடு இணைந்த சமரச மையம் முதலில் 2005-இல் சென்னை உயர் நீதிமன்றத்தில்தான் வந்தது. பிறகு மாவட்டங்களுக்கும் வந்தது. கட்டணம் கிடையாது. சமரசர் வர நேரமானதால் நானும் அவரும் ஒரே அறையில், இடையில் இரண்டு நாற்காலி விட்டு உட்கார்ந்திருந்தோம். முன்தலையில் முடி கொட்டியிருந்தது அவருக்கு. ஏதாவது பேசவேண்டுமே என்று நான்தான் ஆரம்பித்தேன்.

“உங்களுக்கு எவ்வளவு ஆச்சு?”

முதலில் புரியவில்லை. புரிந்ததும் சொல்லலாமா என்று யோசித்தார். அப்புறம், “நாலு கிட்ட” என்றார். “புல்லட்டை வித்துட்டேன்.”

அந்தப் புல்லட்டை நான் திட்டாத நாளில்லை. “எனக்கு மூணு” என்றேன்.

“கிரைண்டர் மனுவுக்கு எங்க வக்கீல் பத்து வாங்கினார்.”

“எங்க பக்கம் எட்டு.”

“ஒன்பதாயிரம் கிரைண்டர்” என்று சொல்லிவிட்டு அவர் சிரித்தார். எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. கடைசி இரண்டு மூன்று வருஷக் குடித்தனத்தில் நாங்கள் சேர்ந்து சிரித்ததாக ஞாபகம் இல்லை. சமரசர் கதவைத் திறந்தவர், அறை மாறி வந்துவிட்டோமோ என்று நின்றார்.

மூன்றரை லட்சத்துக்கு முடிந்தது. பிரிந்து நாலு வருஷம் ஆகியிருந்ததால் ஆறு மாதக் காத்திருப்பைத் தள்ளுபடி செய்யக் கேட்டு ஒரு மனு கொடுத்தோம். அமர்தீப் சிங் வழக்கில் 2017-இல் உச்ச நீதிமன்றம் அதற்கு வழிவிட்டிருந்தது. 2022 தொடக்கத்தில் தீர்ப்பு கைக்கு வந்தது. பணம் வந்த வாரம் குமாஸ்தா, வந்ததில் பத்து பர்சன்ட் ஐயாவுக்கு வழக்கம் என்றார். ஜெயிக்கிற தொகையில் பங்கு பேசக்கூடாது என்பது பார் கவுன்சில் விதி. அதற்குள் அதையும் படித்துவிட்டிருந்தேன். நேரே உள்ளே போய், “சார், எந்தக் கணக்கில் கேட்கிறீங்க?” என்று முதன்முதலாகக் கேட்டேன். அவர் சங்கடமாகச் சிரித்து, “விருப்பப்பட்டதைக் கொடும்மா” என்றார். பத்தாயிரம் கொடுத்தேன். கொடுத்திருக்கவேண்டாம் என்று இப்போதும் ஒரு மனசு சொல்கிறது.

சாமான்கள் ஒரு மினி லாரியில் வந்தன. பத்து வருஷத்துக் கிரைண்டர், மோட்டார் சுற்றவில்லை. பழைய இரும்புக்காரர் கல்லை வேண்டாம் என்று வைத்துவிட்டு மீதிக்கு நானூறு ரூபாய் கொடுத்தார்.

போன வருஷம் என்னோடு வேலை பார்ப்பவரின் மகள் என்னைத் தேடி வந்தாள். மூன்று வயதுக் குழந்தை. சட்ட உதவிக்கு எழுதிப் போடலாம் என்று சொல்லிப் பார்த்தேன், அவள் தெரிந்த வக்கீல் ஒருவரை ஏற்கெனவே முடிவு செய்திருந்தாள். கூட வாங்க அக்கா என்றாள், போனேன். பையிலிருந்து ஒரு துண்டுக் காகிதத்தை எடுத்து அவள் கேட்க ஆரம்பித்தாள். மொத்தமாக எவ்வளவு, தவணை உண்டா, வாய்தாவுக்குத் தனியா, ஐ.ஏ. போட்டால் என்ன, கவுண்ட்டருக்கு என்ன, சிதம்பரத்திலேயே போடலாமா, மியூச்சுவல் ஆகிவிட்டால் கொடுத்ததில் கழிப்பீர்களா? எனக்குக் கூச்சமாக இருந்தது, ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வக்கீல் கொஞ்சமும் முகம் சுளிக்கவில்லை. ஒவ்வொன்றுக்கும் பதில் சொல்லி, அவர் லெட்டர்பேடிலேயே தொகையை எழுதி, தேதி போட்டுக் கொடுத்தார். நான் கேட்டிருந்தால் என் வக்கீலும் எழுதித்தான் கொடுத்திருப்பார் என்று நினைக்கிறேன்.

வெளியே வந்து, “அப்ப மியூச்சுவல் பேசப்போறியா?” என்றேன்.

“இல்லக்கா. பாப்பாவுக்கு மெயின்டனன்ஸ் தரமாட்டேங்கிறார். அதுக்குச் சண்டை போட்டுத்தான் ஆகணும். மாசம் எவ்வளவு எடுத்து வைக்கணும்னு இப்பத் தெரிஞ்சுபோச்சு.”

சிதம்பரம் சப் கோர்ட்டிலேயே போட்டிருக்கிறாள். வாய்தா அன்று காலையில் பாப்பாவைப் பால்வாடியில் விட்டுவிட்டு ஸ்கூட்டியில் போய்வருகிறாள்.